வெற்றுக் குப்பியை அளக்கச் சொன்னவர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நியூட்ரான் சிதறலிலும் எக்ஸ்-கதிர் சிதறலிலும் எனக்குக் கைபிடித்துத் தொழில் கற்றுக்கொடுத்த ஆசானின் மறைவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அவர் விரும்பியிருக்க மாட்டார் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை, இம்முறையும் குறிப்பிடப்போவதில்லை. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சில அவரைப் பற்றிக் கேட்டன, சில துறையைப் பற்றிக் கேட்டன, ஒன்று என்னைச் சங்கடப்படுத்தியது. ஒத்த கேள்விகளைச் சேர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கி, இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்): ‘ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தூரத்தைச் சொல்லாதே’ என்று உங்கள் ஆசான் கூறுவார் என எழுதியிருந்தீர்கள். எக்ஸ்-கதிர், நியூட்ரான் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள் என்றும் சொல்லியிருந்தீர்கள். ஆய்வுக்கூடத்து மேசையிலேயே எக்ஸ்-கதிர் கிடைக்கும்போது, நியூட்ரானுக்காக அணு உலை வரை ஏன் போக வேண்டும்?

பதில்: ஆசிரியராக இருந்தவர் கேட்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். சிதறல் என்பது இருட்டறைக்குள் பந்தை எறிந்து, அது எந்தத் திசையில், என்ன வேகத்தில் திரும்பி வருகிறது என்பதை வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கும் வேலை. எக்ஸ்-கதிரைச் சிதறடிப்பவை அணுவிலுள்ள எலெக்ட்ரான்கள். ஆகவே 82 எலெக்ட்ரான்கள் கொண்ட ஈயத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் இருந்தால், இடிமுழக்கத்தினிடையே யாரோ முணுமுணுப்பது போல, அது காதில் விழாமலே போய்விடும். நியூட்ரானுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதைச் சிதறடிப்பது அணுக்கரு. சாதாரண ஹைட்ரஜனும் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியமும் வேதியியலில் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், நியூட்ரான் கண்ணுக்கு அவை எதிரெதிர்க் குறி கொண்டவை. சாதாரண நீரில் சுமார் 8 விழுக்காடு கனநீரைக் கலந்தால், இரண்டின் பங்களிப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, நீருக்குள் மிதக்கும் பொருள் வெற்றிடத்தில் மிதப்பது போலத் தெரியும். இதை முதன்முதலில் கேட்டபோது, ஆசான் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது ஆற்றல். 1.8 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள நியூட்ரானின் ஆற்றல் ஏறத்தாழ 25 மில்லி எலெக்ட்ரான் வோல்ட். திடப்பொருளில் அணுக்கள் அதிரும் ஆற்றலும் அதே அளவில்தான் இருக்கிறது. அதனால் ஓர் அதிர்வை எழுப்பிவிட்டோ, அதிலிருந்து ஆற்றலைப் பெற்றுக்கொண்டோ வெளியே வரும் நியூட்ரானின் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி மாறிவிடுகிறது. அதே அலைநீளமுள்ள எக்ஸ்-கதிரின் ஆற்றலோ 7,000 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியது. அதில் ஒரு மில்லி எலெக்ட்ரான் வோல்ட் மாற்றத்தைக் கண்டுபிடிப்பது 70 லட்சத்தில் ஒரு பங்கைப் பிரித்தறிவதற்குச் சமம். இன்று ஒத்தியக்க முடுக்கிகளில், அதாவது சிங்க்ரோட்ரான்களில், அதையும் செய்கிறார்கள். ஆனால் நியூட்ரான்காரர்கள் 1950களிலேயே செய்துகாட்டியதை எக்ஸ்-கதிர்காரர்கள் எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இவற்றோடு, நியூட்ரான் தானே ஒரு சிறு காந்தமாகவும் இருப்பதால், பொருளுக்குள் காந்தத் திருப்புதிறன்கள், அதாவது அணுக்களின் சிறு காந்தங்கள், எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இவ்வளவு இருந்தும் ஆசான் நியூட்ரான் கட்சிக்காரராக மாறிவிடவில்லை. நியூட்ரான் அரிதான பண்டம். சிதறி வருபவற்றை மணிக்கணக்கில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும், பெரிய படிகம் வேண்டும். எக்ஸ்-கதிருக்கு மண்துகளை விடச் சிறிய படிகம் போதும், கூர்மையும் அதிகம். ஆனால் பெரும்பாலான பொருள்களில் தோல் ஆழத்துக்கு மேல் போகாது. இந்த வேறுபாடு எப்படி ஆளைக் குழப்பும் என்பதற்கு ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற படிகத்தின் கதையை அவர் அடிக்கடி சொல்வார். அது சுமார் 105 கெல்வினில் வடிவம் மாறும் படிகம். அந்த வெப்பநிலையை நெருங்கும்போது சிதறலில் ஓர் அகன்ற மேடு வளர்வதை நியூட்ரான்கள் காட்டியிருந்தன. 1980களின் நடுவில் கூர்மையான எக்ஸ்-கதிர் அளவீடுகள் வந்தபோது, அந்த அகன்ற மேட்டின் மேல் ஊசி போன்ற இன்னொரு மேடும் இருப்பது தெரிந்தது. மேட்டின் அகலம், மாற்றம் எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்லும். ஒரே மாற்றத்துக்கு இரண்டு நீள அளவுகளா என்று கோட்பாட்டாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பின்னர் படிகத்தின் வெவ்வேறு ஆழங்களைத் தனித்தனியே அளந்து பார்த்த சோதனைகள், ஊசி மேடு பெரிதும் மேற்பரப்பை ஒட்டிய பகுதியிலிருந்தே வருகிறது என்று காட்டின. தோலைப் பார்த்தவரும் உடலைப் பார்த்தவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். நீங்கள் மேற்கோள் காட்டியிருக்கும் வாக்கியத்தை இந்தக் கதையின் முடிவில்தான் அவர் சொல்வது வழக்கம்.

கேள்வி (ஆராய்ச்சி மாணவி): எனக்கு முதல்முறையாக நியூட்ரான் உலையில் ஆறு நாள் பீம் டைம் (நியூட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நேரம்) கிடைத்திருக்கிறது. அதில் இரண்டு நாளை மாதிரி இல்லாத வெறும் அலுமினியக் குப்பியை அளப்பதற்கு ஒதுக்க வேண்டும் என்கிறார் என் நெறியாளர். உங்கள் ஆசானும் இப்படித்தான் என்று எழுதியிருந்தீர்கள். இது வீண் இல்லையா, ஐயா?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், பிறகு கதைக்குப் போகலாம். குப்பியும் மாதிரியும் சேர்ந்து நிமிடத்துக்கு 40 எண்ணிக்கை தருகின்றன, வெற்றுக் குப்பி மட்டும் 10 தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கழித்துக் கிடைக்கும் விடையில் பிழை மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால், இரண்டு அளவீடுகளுக்கும் ஒதுக்கும் நேரம் எண்ணிக்கை வீதங்களின் வர்க்கமூல விகிதத்தில் இருக்க வேண்டும். நாற்பதுக்குப் பத்து என்பது நான்கு மடங்கு. அதன் வர்க்கமூலம் இரண்டு. அதாவது மாதிரிக்கு நான்கு நாள், குப்பிக்கு இரண்டு நாள். உங்கள் நெறியாளர் சொன்னது இந்தக் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒருவேளை உங்கள் மாதிரி நன்றாகச் சிதறடிப்பதாயிருந்து விகிதம் நூறுக்கு ஒன்றாக இருந்தால், குப்பிக்கு அரை நாளுக்குச் சற்று மேல் போதும். ஆகவே ‘வீணா’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘நம் மாதிரிக்கும் குப்பிக்கும் என்ன விகிதம் எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று அவரிடம் கேளுங்கள். மாணவர் இப்படிக் கேட்டால் மகிழாத நெறியாளர் இருந்தால், அது வேறு பிரச்சினை.

இனி கதை. ஆராய்ச்சியில் என் இரண்டாம் ஆண்டு. மும்மை அச்சு நிறமாலைமானி என்ற கருவியில் வேலை செய்துகொண்டிருந்தேன். ‘ட்ரிப்பிள் ஆக்சிஸ்’ என்றுதான் நாங்கள் சொல்வோம். அதன் முதல் அச்சிலுள்ள படிகம், உலையிலிருந்து வரும் நியூட்ரான்களில் ஓர் ஆற்றல் கொண்டவற்றை மட்டும் பொறுக்கி அனுப்பும். இரண்டாவது அச்சில் நம் மாதிரி. மூன்றாவது அச்சிலுள்ள படிகம், சிதறி வருபவற்றில் ஓர் ஆற்றல் கொண்டவற்றை மட்டும் டிடெக்டருக்கு விடும். உள்ளே போன ஆற்றலுக்கும் வெளியே வந்த ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாதிரி எடுத்துக்கொண்டது. கடைசி ஆற்றலை 14.7 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டில் நிலைநிறுத்தி, முதல் ஆற்றலை ஒவ்வொரு படியாக உயர்த்திக்கொண்டே இரவு முழுவதும் எண்ணினேன். விடியற்காலை மூன்று மணிவாக்கில் 18.4 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு மேடு எழுந்தது. கூர்மையான, அழகான, யாரும் அதுவரை கண்டிராத மேடு. வரைபடத் தாளில் புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. காலை வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆய்வுக்கட்டுரைக்கு ஒரு தலைப்பையும் எழுதிவைத்துவிட்டேன்.

ஆசான் ஏழு மணிக்கு வந்தார். தாளைப் பார்த்தார். வாழ்த்தவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மூன்று கேள்விகள் கேட்டார். வெப்பநிலையை மாற்றிப் பார்த்தாயா? மாதிரியைச் சற்றுத் திருப்பிவைத்துப் பார்த்தாயா? கிராஃபைட் வடிகட்டி எங்கே? முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றேன். மூன்றாவதற்கு, எண்ணிக்கை குறைவாக வந்ததால் நான்தான் மாலையில் அதைக் கழற்றிவைத்தேன் என்றேன். அவர் என் பென்சிலை வாங்கி, தாளின் ஓரத்தில் 14.7 என்று எழுதி, ஐந்தால் பெருக்கி நான்கால் வகுத்தார். 18.375 என்று வந்தது. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அந்தக் கணக்கின் பொருள் எனக்கு விளங்க அரை மணி நேரம் ஆயிற்று. வித்தியாசம் 18.4 ஆக இருந்த இடத்தில் முதல் படிகம் 33.1 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு வைக்கப்பட்டிருந்தது. ஒரு படிகம் எந்த அலைநீளத்தைப் பொறுக்குகிறதோ, அதில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் கூடவே விட்டுவிடும். பாதி அலைநீளம் என்றால் ஆற்றல் நான்கு மடங்கு; முதல் படிகத்தின் வழியே 132.3 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் நியூட்ரான்களும் நுழைந்துகொண்டிருந்தன. மூன்றில் ஒரு பங்கு அலைநீளம் என்றால் ஒன்பது மடங்கு. கடைசிப் படிகம் 14.7இன் ஒன்பது மடங்கை, அதாவது அதே 132.3ஐயும், தாராளமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது. ஆக, மாதிரிக்குள் ஆற்றலே இழக்காமல் சும்மா சிதறி வந்த நியூட்ரான்கள், 18.4ஐ இழந்தவை போல வேடம் போட்டு டிடெக்டருக்குள் வந்து விழுந்திருக்கின்றன. அந்த வேகமான நியூட்ரான்களைத் தடுப்பதற்காகவே அங்கே வைக்கப்பட்டிருந்ததுதான் நான் கழற்றி எறிந்த வடிகட்டி. அதை மீண்டும் பொருத்தி அளந்தேன். மேடு இருந்த இடம் தெரியவில்லை.

அந்தப் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்துவிட அனுமதி கேட்டேன். கிழிக்கக் கூடாது, என்ன நடந்தது என்பதை முழுமையாக எழுதிக் கையொப்பமிடு என்றார். அவர் சொன்னதிலேயே கடினமான வேலை அதுதான். உங்கள் வெற்றுக் குப்பியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அலுமினியமும் ஒரு படிகப் பொருள்தான். அதற்கும் சொந்த மேடுகள் உண்டு, சொந்த அதிர்வுகள் உண்டு. மாதிரியைச் சுற்றியுள்ள குளிர்விப்பானின் சுவரும் சிதறடிக்கும். இரண்டு நாள் அதை அளந்துவைத்திருப்பவர், நாளைக்கு ஒரு சிறு மேடு தெரிந்தால் அது தன் மாதிரியுடையது என்று தைரியமாகச் சொல்லலாம். அளக்காதவர் நம்பிக்கையின் பேரில்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: அவர் கோபக்காரரா?

பதில்: நியூட்ரானைத் தடுக்க வைத்திருக்கும் காட்மியம் தகட்டை, அது நச்சு உலோகம் என்று தெரிந்தும் வெறுங்கையால் தொட்டவர்களிடம் மட்டும்.

கேள்வி (கல்லூரி நூலகர்): நியூட்ரான் சிதறலுக்கு 1994இல் நோபல் பரிசு பெற்ற கிளிஃபர்ட் ஷல் தனக்கு வழிகாட்டிய ஒருவரைப் பற்றி வருத்தத்தோடு குறிப்பிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் யார்?

பதில்: எர்னஸ்ட் வோலன். சிகாகோவில் ஆர்தர் காம்ப்டனிடம் எக்ஸ்-கதிர்ச் சிதறலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கட்டப்பட்ட கிராஃபைட் உலை 1943 நவம்பர் 4 அன்று தொடர்வினை நிலையை எட்டியது. அணுகுண்டுத் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட அந்த உலையிலிருந்து வெளிவரும் நியூட்ரான்களைக் கொண்டு, எக்ஸ்-கதிரால் செய்வது போலவே படிகங்களை ஆராயலாம் என்று யோசித்து வேலையைத் தொடங்கியவர் வோலன். ஷல் 1946இல்தான் அங்கு வந்து அவரோடு சேர்ந்தார். நியூட்ரான் விளிம்புவிளைவை, அதாவது படிகத்தில் சிதறும் நியூட்ரான்கள் குறிப்பிட்ட திசைகளில் மட்டும் குவிவதை, நம்பத்தக்க அளவீட்டு முறையாக ஆக்கியதில் இருவருக்கும் பங்குண்டு: எந்தத் தனிமம் எவ்வளவு சிதறடிக்கிறது என்று பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக அளந்து அட்டவணை போட்டார்கள். வெளியுலகில் புகழ் தரும் வேலையல்ல அது. ஆனால் அந்த அட்டவணை இல்லாமல் பிற்காலத்தில் எவராலும் ஒரு கட்டமைப்பைக்கூடத் தீர்மானித்திருக்க முடியாது.

அந்த அடித்தளத்தின் மேல்தான் 1949இல் ஷல்லும் ஸ்மார்ட்டும் மாங்கனீஸ் ஆக்சைடு தூளைக் குளிர்வித்து அளந்தார்கள். அறை வெப்பநிலையில் இல்லாத கூடுதல் மேடுகள் 80 கெல்வினில் தோன்றின. பக்கத்துப் பக்கத்துக் காந்தத் திருப்புதிறன்கள் எதிரெதிராக அடுக்கப்பட்டு, காந்த அலகுக்கூடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம், வேதியியல் கூட்டைப் போல இருமடங்கு நீளமாகிவிட்டதன் அடையாளம் அது. எதிர்ஃபெரோகாந்தம் எனப்படும் இந்த அடுக்கை பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நீல் கோட்பாட்டளவில் முன்னமே சொல்லியிருந்தார். கண்ணால் பார்த்தது போன்ற சான்று அப்போதுதான் கிடைத்தது.

வோலன் 1984இல் இறந்தார். பரிசு அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, ஷல்லுக்கு 79 வயதாகும்போது வந்தது. மறைந்தவர்களை அப்பரிசுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. வோலனின் மரணம் அந்தப் பெருமையில் அவர் பங்குபெறும் வாய்ப்பை இல்லாமலாக்கிவிட்டது என்று ஷல் தன் வாழ்க்கைக் குறிப்பில் வருந்தி எழுதியிருக்கிறார். பரிசு பெற்றவர்கள் ஏராளமானோருக்கு நன்றி சொல்வார்கள். இருந்திருந்தால் என் பக்கத்தில் நின்றிருப்பார் என்ற பொருள்பட எழுதுபவர்கள் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி (முதுகலை மாணவர்): இந்தத் துறையில் குரு பரம்பரை என்று ஒன்று உண்டா? இந்தியர்கள் அதில் இருக்கிறார்களா?

பதில்: உண்டு, இருக்கிறார்கள். எக்ஸ்-கதிர்ப் பக்கம் பார்த்தால், எக்ஸ்-கதிர்ப் படிகவியலின் முன்னோடி வில்லியம் ஹென்றி பிராகிடம் பயின்றவர் ஜே.டி. பெர்னால். 1934இல் பெர்னாலும் அவருடைய மாணவி டோரதி குரோஃபுட்டும் பெப்சின் என்ற புரதப் படிகத்தை உலரவிடாமல் அதன் தாய்க்கரைசலோடு வைத்துப் படமெடுத்தார்கள். புரதத்தின் உள்ளமைப்பை எக்ஸ்-கதிரால் அறியலாம் என்ற நம்பிக்கையே அங்கிருந்துதான் பிறந்தது. அந்த மாணவி டோரதி ஹாட்ஜ்கினாக 1964இலும், பெர்னாலிடம் பயில வந்த மாக்ஸ் பெரூட்ஸ் 1962இலும் நோபல் பரிசு பெற்றார்கள். பெர்னாலுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றைத் தொடங்கிவைத்துவிட்டு, முடிப்பதை மாணவர்களிடம் விட்டுவிடுவது அவர் சுபாவம் என்பார்கள். அதை நான் குறையாகப் பார்ப்பதில்லை.

நியூட்ரான் பக்கம், கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ். மேலே நான் அவமானப்பட்ட கதையில் வந்த மும்மை அச்சுக் கருவி அவர் உருவாக்கியதுதான். 1994 பரிசில் ஷல்லோடு பங்குபெற்றவரும் அவரே. அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதற்கு ஷல்லும், அவை என்ன செய்கின்றன என்பதற்கு பிராக்ஹவுஸும் விடை தேடித் தந்தார்கள் என்று அந்தப் பரிசைச் சுருக்கமாக விளக்குவார்கள். 1950களில் பிராக்ஹவுஸிடம் வேலை கற்கச் சென்றவர் பி.கே. அய்யங்கார். ஜெர்மானியம் படிகத்தின் அதிர்வுகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958இல் வெளியாயிற்று. அய்யங்கார் பம்பாயின் டிராம்பேக்குத் திரும்பி, 1956இல் இயங்கத் தொடங்கிய அப்சரா உலையிலும், 1960இல் வந்த சைரஸ் உலையிலும் கருவிகளை அங்கேயே வடிவமைத்து, அங்கேயே கட்டி, ஒரு தலைமுறை ஆய்வாளர்களை அவற்றின் பக்கத்தில் உட்காரவைத்தார். 1964 டிசம்பரில் நியூட்ரான் சிதறலுக்கான சர்வதேச அணுசக்தி முகமையின் கருத்தரங்கு பம்பாயில் நடந்தது என்பதே அந்தக் குழுவுக்கு அப்போது இருந்த மதிப்பைக் காட்டும். பிற்காலத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைவர் ஆனதால் அவரை வேறு காரணங்களுக்காகவே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நியூட்ரான்காரர்கள் மட்டும் அவரை ஜெர்மானியத்தோடு சேர்த்து நினைப்பார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): மறைந்தவர்களைப் பற்றி எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். என் நெறியாளர் என் அளவீடுகளை மூன்றாண்டு இழுப்பறையில் பூட்டிவைத்தார். இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குள் வேறொரு குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டது. இப்போது அவர் நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்கிறார்கள். நான் எதை எழுதுவது?

பதில்: என்னைச் சங்கடப்படுத்திய கடிதம் இதுதான். காரணம், உங்கள் நெறியாளரின் குறை என் ஆசானுக்கும் இருந்தது. சென்ற இதழில் நான் அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

எனக்கு இரண்டு ஆண்டு மூத்தவராக ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். என்னைவிடக் கெட்டிக்காரர், கைவேலையிலும் நிதானமானவர். படிகத்திலுள்ள காந்தத் திருப்புதிறன்களினூடே பரவும் காந்த அலைகளைப் பற்றி அவர் எடுத்த அளவீடுகள் சரியானவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆசான் இன்னொரு படிகத்தில் பார்க்கலாம் என்றார். அது முடிந்ததும் இன்னொரு வெப்பநிலையில் என்றார். பிறகு உலை பராமரிப்புக்காக நீண்ட காலம் நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடத் தொடங்கியபோது வேறொரு நாட்டிலிருந்து கட்டுரை வந்துவிட்டது. அந்த மூத்தவர் யாரிடமும் சண்டை போடவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, துறையை விட்டே போய்விட்டார். ஆசான் அதைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசவே இல்லை. பின்னர் ஒருநாள், நான் சொந்தமாக மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியிருந்த சமயம், எந்த முன்னுரையும் இல்லாமல், ‘அவனுடையதை நான் அனுப்பியிருக்க வேண்டும்’ என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

18.4 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டில் என்னைக் காப்பாற்றிய ஆசானின் அதே சந்தேகம்தான் அந்த மூத்தவரைக் கவிழ்த்தது. இரண்டையும் பிரித்து, ஒன்றை ஆசானுடைய குணம் என்றும் மற்றதை அவருடைய தவறு என்றும் என்னால் எழுத முடியவில்லை. உங்களுக்கு என் யோசனை இது: நினைவு மலரில் பொய் சொல்லாதீர்கள், வழக்குத் தொடுக்கவும் செய்யாதீர்கள். உங்கள் நெறியாளர் சரிபார்க்கச் சொன்னவற்றில் உண்மையிலேயே உங்கள் பிழையைக் கண்டுபிடித்த ஒன்றாவது இருந்தால், அதை விரிவாக எழுதுங்கள். மூன்றாண்டுத் தாமதத்தை ஒரே வாக்கியத்தில், ஆண்டுகளோடு, அடைமொழி இல்லாமல் சொல்லிவிடுங்கள். படிப்பவர்களில் நெறியாளர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாக்கியம் போதும். எழுதவே மனம் வரவில்லை என்றால், மறுத்துவிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

கேள்வி (மென்பொருள் பணியாளர்): இப்போது கருவிகளைத் தொலைவிலிருந்தே இயக்குகிறார்களாமே. இரவு முழுவதும் கருவியின் பக்கத்தில் ஆசானோடு உட்காரும் பழக்கம் இனி இருக்குமா?

பதில்: எக்ஸ்-கதிரில் அது பெரும்பாலும் போய்விட்டது. சிங்க்ரோட்ரானில் ஓர் அளவீடு கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எந்திரக் கை மாதிரிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அங்கே யாரும் யாரிடமும் கதை கேட்க நேரமில்லை. நியூட்ரானில் இன்னும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, காத்திருக்கும் இடத்தில் பேச்சு நடக்கிறது. நான் கற்றவற்றில் பாதி, அடுத்த புள்ளி எண்ணி முடியும்வரை பொழுதுபோக்குக்காக அவர் சொன்னவை. திரை வழியாகவும் இப்படிப் பேசலாம் என்பது உண்மைதான். ஆனால் கழற்றி மேசைமேல் வைக்கப்பட்டிருக்கும் வடிகட்டி திரையில் தெரியாது.

கேள்வி (ஆராய்ச்சி மாணவர்): எங்கள் பேராசிரியர் சென்ற மாதம் மறைந்தார். துறை வெளியிடும் மலருக்கு 300 சொற்களில் அஞ்சலிக் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். அவர் பெற்ற விருதுகளும் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையுமே பாதி இடத்தைப் பிடித்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: விருதுகளைத் துறைத் தலைவர் எழுதுவார், விட்டுவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்தது எதுவோ அதை எழுதுங்கள். அவர் குறிப்பேட்டில் ஓரத்தில் என்ன எழுதுவார்? எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்? எந்தக் கருவியின் எந்தத் திருகை யாரையும் தொடவிடமாட்டார்? எந்த அளவீட்டை உங்களை மீண்டும் செய்யவைத்தார், இரண்டாம் முறை விடை மாறியதா? ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, எண்களோடு எழுதுங்கள். எண்களை நீக்கிவிட்டால் எல்லாப் பேராசிரியர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

என் ஆசானைப் பற்றிய அந்த ஒரு பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது நானும் உங்களைப் போலவே விருதுகளில்தான் தொடங்கினேன். மூன்று வரிகளுக்கு மேல் நகரவில்லை. பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நான் கிழிக்கக் கேட்ட பக்கம் அதில் அப்படியே இருந்தது. என் கையொப்பத்துக்குக் கீழே, நான் அதுவரை கவனித்திராத சிறிய எழுத்தில், அவருடைய பென்சிலால் ‘பார்த்தேன்’ என்று எழுதி, தேதி போட்டிருந்தார். தேதி, நான் கையொப்பமிட்டதற்கு மறுநாள்.